மைக்கேல் ஜோஸப் ஸாவேஜ்

உடல் நலமுள்ளவனுக்கு ஊரெல்லாம் வழி. நோயுற்றவனுக்கோ தன் வீட்டு வாயிற்படியும் மலையாய்த் தோன்றும். நோயோடு வறுமையுஞ் சேர்ந்துகொண்டால் அவன் படுந் துயரை அளவிட்டுரைத்தல் அரிது. இத்தகையோர்க்கு மருந்தும் உணவும் அளிப்பது யார் கடன்? உற்றார் கடனா, தருமசாலைகளின் கடனா, அன்றி அரசாங்கத்தின் கடனா? அரசாங்கத்தின் கடனெனின், அவ்வுதவியைப் பெறுதற்குரியார் யாவர்? செல்வர் வறியர் என்னும் வேற்றுமை அங்கே பாராட்டத்தக்கதா? பிறநாட்டினின்று வந்து குடியேறினார்க்கும் அதிற் பங்குண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணும் பணியிலே தம் வாழ்நாளின் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டு, தம் உடல் நோயையும் மறைத்து வைத்து உழைத்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் 1935 முதல் 1940 வரை நியூஸீலந்து நாட்டின் பிரதம மந்திரியாய் விளங்கிய மைக்கேல் ஜோஸப் ஸாவேஜ் என்பவர்.

பிறப்பும் இளமையும்

ஸாவேஜ் பிறந்த நாடு நியூஸீலந்து அன்று. ஆஸ்திரேலியாவில் விக்டோரியாப் பகுதியிலே, பெனாலா என்னும் ஊருக்கு அணித்தாயுள்ள டாட்டாங் என்ற சிற்றூரில், 1872ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தினின்று பிழைப்பு நாடி வந்து குடியேறிய கத்தோலிக்கர். எட்டு மக்களுள் இவரே கடைக்குட்டி. இவர் ஐந்து வயதுச் சிறுவராயிருக்கையில் தாயார் இறந்துபோனார். தாயில்லாத அக்குழந்தையைத் தமக்கையாகிய ரோஸ் என்பவரே வளர்த்துவந்தார்.

சிறுவர் ஊர்ப் பள்ளிக்கூடத்திற் பயின்றது ஐந்தாண்டுகளே. பதினான்காம் வயதில் பெனாலா நகரத்திலே மதுபானம் விற்கும் கடையொன்றில் வேலைக்கமர்ந்தார். பகலெல்லாம் கடையில் உழைத்து, மாலையில் இரவுப் பள்ளிக்குச் சென்று படித்தார். உருவத்திற் குறியரேனும் உடல் வலியிற் சிறந்தவர். குத்துச் சண்டையிலும் பளு தூக்குவதிலும் அவ்வட்டாரத்திற் பெயர் பெற்றிருந்தார். 1891ஆம் ஆண்டு அவர்க்குப் பெருந்துயர் விளைத்த ஆண்டாகும். தாயாயிருந்து வளர்த்த தமக்கை ரோஸும், உயிர்க்குயிராய்ப் பழகிய தமையன் ஜோவும் அவ்வாண்டிலே மாண்டனர். அதுகாறும் மைக்கேல் என்று மட்டும் வழங்கப்பெற்ற இளைஞர், இறந்த தமையனின் பெயரையுந் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அன்று முதல் அவர் மைக்கேல் ஜோஸப் ஆயினார். நோயும் சாவும் ஒரு குடும்பத்தை எங்ஙனம் குலைக்கும் என்பதை அவர் புத்தகங்களிற் படித்தறிந்தாரல்லர்.

1893ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிற் பாங்கிகள் பல முறிந்து, வேலை கிடைப்பதரிதாயிற்று. கடை வேலையை இழந்த ஸாவேஜ் வடக்கே நியூ ஸௌத் வேல்ஸ் நாட்டிற் சென்று, நார்த் யான்கோ என்னும் பெரும் பண்ணையிற் கூலியாளாய்ச் சேர்ந்து, பாசனக் கால்வாய் வெட்டும் வேலை செய்தார். ஏழாண்டுகள் மண்வெட்டியோடு கழிந்தன. அங்கேதான் தொழிலாளர் சங்கத்திற் சேர்ந்தார். ஹென்றி ஜார்ஜ், எட்வர்டு பெல்லமி முதலியோரின் நூல்களையுங் கற்றார். பின்பு 1900ஆம் ஆண்டில் விக்டோரியாவிற்குத் திரும்பி, ரூதர்க்லென் என்ற ஊரையடுத்த தங்கச் சுரங்கத்தில் உழைத்தார். அங்குள்ள தொழிலாளர் அரசியலில் முன்னின்றும், தேர்தலுக்கு நிற்கப் பொருளின்றிப் பின்வாங்க நேர்ந்தது. முன்னரே நியூஸீலந்து சென்றிருந்த நண்பராகிய பாடி வெப் என்பாரைப் பின்பற்றி, 1907ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தாமும் கப்பலேறி வெல்லிங்டன் துறைமுகத்திலே இறங்கினார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து. கையிற் பொருளில்லை, கல்விப் பட்டமுமில்லை.

ஆக்லந்து வாழ்க்கை

சணல் போன்ற நாருடைய செடிகளை அறுக்கும் வேலையைச் சில மாதம் செய்தபின், 1908ஆம் ஆண்டு ஆக்லந்து நகரை அடைந்தார். அங்கே மதுபானத் தொழிற்சாலை ஒன்றின் நிலவறையில் வேலை கிடைத்தது. பிரெஞ்சு என்னும் குடும்பப் பெயருடைய தம்பதிகளின் வீட்டில் ஓர் அறையிற் குடியிருந்தார். பல ஆண்டுகள் அவ்வீட்டையே தம் வீடாகக் கொண்டார், மணஞ் செய்துகொள்ளவேயில்லை. தொழிற்சாலைத் தோழர்கள் அவரைத் தங்கள் சங்கத்திற்குத் தலைவராக்கினர். இருமுறை தேர்தலில் நின்று தோற்றார். 1916ஆம் ஆண்டு நியூஸீலந்துத் தொழிற்கட்சி நிறுவப்பட்டது. 1919ஆம் ஆண்டு ஸாவேஜ் அக்கட்சியின் காரியதரிசியுமாகி, ஆக்லந்து மேற்குத் தொகுதியினின்று பார்லிமெண்டு அங்கத்தினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அத்தொகுதி மக்கள் அவரை இறுதிவரை கைவிடவில்லை.

அவ்வாண்டிலேயே நகரசபையிலும், ஆஸ்பத்திரிகளையும் ஏழைகளுக்கான தரும உதவியையும் மேற்பார்க்கும் சபையிலும் அவர் இடம் பெற்றார். பார்லிமெண்டிற் பேசும் பேச்சினும் அச்சபையின் வேலையே அவருள்ளத்தை உருவாக்கியதெனலாம். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி கட்டணஞ் செலுத்தவேண்டும். இயலாதவன் தன் வறுமையை நிரூபிக்க வேண்டும். நோய் தீர்ந்து வீடு திரும்பியவனைக் கடன் பின்தொடர்ந்தது. உதவி பெறுவோர் யாசகரைப்போல் விசாரிக்கப்பட்டனர். கடனுக்கஞ்சி வைத்தியரை நாடாமலே நோயை முற்றவிட்டோரும் உண்டு.

உதவிக்குரியார் யாவர்?

இவ்விடத்து நியூஸீலந்தின் முந்திய சட்டங்களைச் சிறிது நோக்குதல் வேண்டும். அந்நாடு முதியோர்க்கு உபகாரச் சம்பளம் அளிப்பதில் உலகிற்கு முன்னோடியாய் நின்ற நாடுகளுள் ஒன்று. 1898ஆம் ஆண்டிலேயே, 65 வயது நிரம்பிய ஏழைகளுக்கு ஆண்டொன்றுக்கு 18 பவுன் வழங்கும் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. ஆயின் அதைப் பெறுவார்க்கு விதிக்கப்பட்ட தகுதிகள் பல. 25 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்கவேண்டும். வருமானமும் சொத்தும் ஓரளவிற்கு மேற்படலாகாது. நல்லொழுக்கமுடையராயிருந்தமைக்குச் சான்றும் வேண்டும். விண்ணப்பித்த கிழவனோ கிழவியோ மாஜிஸ்திரேட்டு முன் நின்று, ஊரார் கேட்கத் தங்கள் ஏழ்மையை எடுத்துரைக்கவேண்டும். சீனரும் பிற ஆசியரும், அந்நாட்டின் குடியுரிமை பெற்றவராயினும், அச்சம்பளத்திற்கு உரியரல்லர் என்று சட்டமே கூறிற்று. இந்தியரும் ஆசியர் என்ற பெயரால் விலக்குண்டனர். வரி செலுத்துகையிற் குடிகள், முதுமையில் அயலார்!

இச்சட்டத்தின்பின் விதவைகளுக்கு 1911ஆம் ஆண்டிலும், கண்ணிழந்தோர்க்கு 1924ஆம் ஆண்டிலும் உதவிச் சம்பளம் ஏற்பட்டது. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளிகளுக்கும் தனியே ஓர் உதவி இருந்தது. ஆயினும், வாத நோயாற் கால் முடங்கியவனுக்கும், பிறவியிலேயே உறுப்புக் குறைந்தவனுக்கும் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் இல்லை. கண்ணில்லாதவனுக்குக் கொடுத்துக் காலில்லாதவனுக்கு மறுப்பது எவ்வறத்தின்பாற்படும்? இக்குறையை ஸாவேஜ் நன்குணர்ந்திருந்தார். பல குழந்தைகளையுடைய ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை வேண்டுமென அவர் பார்லிமெண்டில் இடைவிடாது வற்புறுத்திவந்தார். அதன் பயனாக, எதிர்க்கட்சியார் ஆட்சியிலேயே 1926ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. அது சிறிய உதவியே. இரண்டு குழந்தைகளுக்கு மேற்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 2 ஷில்லிங் மட்டும் கொடுத்தது. ஆசியரை அதுவும் விலக்கியது.

பஞ்ச காலம்

1930ஆம் ஆண்டையடுத்து உலகெங்கும் வியாபாரம் சீர்குலைந்தது. கம்பளி, வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றை விற்றே பிழைத்த நியூஸீலந்து அதனாற் பெரிதும் நொந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து, அரசாங்கம் நடத்திய நிவாரண வேலைக் களங்களில் அற்பக் கூலிக்கு மண் சுமந்தனர். 1932ஆம் ஆண்டு முதியோர் முதலியோர்க்களித்த உபகாரச் சம்பளமும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஆக்லந்தின் குவீன் தெருவிலே பசித்த மக்கள் கலகஞ் செய்தனர். மக்களின் உள்ளம் மாறிற்று. 1933ஆம் ஆண்டு தொழிற்கட்சித் தலைவர் ஹாரி ஹாலந்து காலமாகவே, துணைத் தலைவராயிருந்த ஸாவேஜ் தலைமை ஏற்றார். கடுமொழி பேசாத அவரது இனிய குரலும் புன்முறுவலும், தொழிற்கட்சியைக் கண்டு அஞ்சியிருந்த சிறு விவசாயிகளையும் கடைக்காரரையும் அச்சந் தெளிவித்தன. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் நாள் நடந்த தேர்தலில், 80 இடங்களில் 53 இடங்களை அக்கட்சி கைப்பற்றியது. கால்வாய் வெட்டிய கூலியாள் பிரதம மந்திரியானார்.

பதவியேற்றவுடன் முதற்கண் அவர் செய்தது, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வேலையற்றார்க்கும் வறியோர்க்கும் சிறிதளவு பணம் வழங்கியதேயாம். 1936ஆம் ஆண்டு உபகாரச் சம்பளச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தால், உழைக்கவியலாதபடி உடல் நிரந்தரமாய்க் கெட்டோர்க்கு முதன்முறையாக உதவிச் சம்பளம் ஏற்பட்டது. ஆசியரை விலக்கிய விதியும் அதிலேயே நீக்கப்பட்டது. 38 ஆண்டுகளாய் நின்ற அவ்வநீதி சில வரிகளால் ஒழிந்தது. 1937ஆம் ஆண்டு முதற் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் இலவசமாய்ப் பால் வழங்கப்பட்டது. அவ்வாண்டிலே அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிய முதல் வீடு வெல்லிங்டனில் மிராமார் என்னுமிடத்தில் முடிந்தபோது, பிரதம மந்திரி தாமே குடியேறுவோரின் சாப்பாட்டு மேஜையைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

மாவோரி மக்களும் அவரை நாடினர். 1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ராத்தனா என்னும் மாவோரிச் சமயத் தலைவர் அவரைக் கண்டு, ஓர் உருளைக்கிழங்கும், பழுதுபட்ட பொற்கடிகாரமும், பச்சைக்கல்லாற் செய்த சிறு உருவமும், ஹூயா என்ற பறவையின் இறகும் காணிக்கையாக வைத்தார். இழந்த நிலத்தையும், மீறப்பட்ட வாக்கையும், தம் இனத்தின் மானத்தையும் அவை குறித்தன. அவற்றின் பொருளுணர்ந்து ஸாவேஜ் அவற்றை ஏற்றுக்கொண்டார்.

குரோவில் எழுந்த கருத்து

பொது வைத்திய உதவி பற்றிய திட்டம் தலைநகரத்து அலுவலகங்களில் மட்டும் உருவாகவில்லை. தென் தீவிலே குரோ என்ற சிற்றூருக்கருகில் வைட்டாக்கி ஆற்றுக்குக் குறுக்கே 1928ஆம் ஆண்டு முதல் மின்சார அணையொன்று கட்டப்பட்டுவந்தது. வேலை தேடி வந்தோர் அங்கே கூடாரங்களிலும் குடிசைகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். அவ்வூரில் மூவர் நண்பராயினர்: டாக்டர் மக்மில்லன் என்னும் வைத்தியர், ஆர்னல்டு நார்ட்மேயர் என்னும் பிரஸ்பிட்டேரியன் சபைக் குருவானவர், ஆண்ட்ரூ டேவிட்ஸன் என்னும் பள்ளித் தலைமையாசிரியர். ஒருவர் நோயைக் கண்டார். ஒருவர் துயரைக் கண்டார். ஒருவர் பசித்த பிள்ளைகளைக் கண்டார். மூவரும் இரவு நேரங்களிற் கூடியிருந்து இதற்கோர் வழியாதெனச் சிந்தித்தனர். அணை வேலையாட்கள் தம் கூலியிற் சிறு தொகை செலுத்த, அவர்க்கும் குடும்பத்தார்க்கும் வைத்திய உதவி தடையின்றிக் கிடைக்கும் ஏற்பாடு ஆங்கு நடைபெற்றது. ஓரூரில் இயல்வது நாடு முழுதும் ஏன் இயலாது என்ற வினா அவர்களுள்ளத்தெழுந்தது. 1935ஆம் ஆண்டுத் தேர்தலில் வைத்தியரும் குருவானவரும் பார்லிமெண்டு புகுந்தனர். கிறிஸ்தவக் கல்லூரி மாணவராகிய நமக்கு இச்செய்தி சிந்தித்தற்குரியது. ஆலயமும் வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் கைகோத்த இடத்தில் ஒரு தேசத்தின் சட்டம் கருக்கொண்டது.

சட்டத்தின் அமைப்பு

சட்டம் எளிதில் இயற்றப்பட்டதன்று. நிதி மந்திரியாகிய வால்ட்டர் நாஷ் பணம் எங்கிருந்து வரும் என்று அஞ்சினார். அவர் கவலை வீணானதன்று. சுமார் 16 லட்சம் மக்களே வாழும் சிறிய நாடு அது. கட்சியினுள்ளேயே பல மாதம் வாதம் நடந்தது. பிற நாடுகளிற் கண்ட முறை இன்ஷுரன்ஸ் முறையாகும். ஜெர்மனியில் 1883ஆம் ஆண்டு பிஸ்மார்க்கு ஏற்படுத்தியதும், பிரிட்டனில் 1911ஆம் ஆண்டு லாயிட் ஜார்ஜ் ஏற்படுத்தியதும் அத்தகையனவே. அம்முறையிற் சந்தா கட்டிய தொழிலாளியே உதவிக்குரியன். சந்தா கட்டவியலாத அங்கவீனனும், வீட்டு வேலை செய்யும் மனைவியும், வேலை கிடையாத இளைஞனும் வெளியே நிற்பர். ஸாவேஜும் அவருடன் நின்றோரும் இதனை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் இயன்றவளவு வரி செலுத்துக. ஒவ்வொருவரும் வேண்டியவளவு உதவி பெறுக. அந்நாட்டில் நிலையாய் வாழ்வதே போதிய உரிமை என்பது அவர் கொள்கை.

1938ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14ஆம் நாள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. முதுமை, நோய், கைம்மை, அநாதை நிலை, வேலையின்மை ஆகியவற்றால் விளையும் இடுக்கண்களினின்று மக்களைக் காப்பதும், வைத்தியம் வேண்டியவர்க்கு வைத்தியமும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் கிடைக்கச் செய்வதும், பொதுமக்களின் ஆரோக்கியத்தையும் நலத்தையும் பேணி வளர்ப்பதும் தன் நோக்கமென அச்சட்டம் முகப்பிலேயே கூறிற்று. அதற்கு வேண்டிய பொருளுக்காக, வருமானத்திற் பவுனுக்கு ஒரு ஷில்லிங் வீதம் வரி விதிக்கப்பட்டது. வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஒரு பவுனும், பெண்டிரும் இளைஞரும் ஐந்து ஷில்லிங்கும் பதிவுக் கட்டணமாகச் செலுத்தினர்.

உதவி இருவகைப்பட்டது. பணவுதவி பெரும்பாலும் வருமானத்தை விசாரித்தே கொடுக்கப்பட்டது. 60 வயதடைந்து போதிய வருமானமில்லாதவர்க்கு வாரம் 30 ஷில்லிங் கிடைத்தது. 65 வயதடைந்த யாவர்க்கும், செல்வர்க்குங்கூட, 1940ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் என்று தொடங்கிப் படிப்படியாய் உயரும் தொகையொன்று ஏற்பட்டது. இது நாஷின் எச்சரிக்கைக்கும் ஸாவேஜின் ஆர்வத்திற்கும் நடுவே கண்ட உடன்பாடாகும். வைத்திய உதவியிலோ வருமான விசாரணையே இல்லை. நாட்டில் நிலையாய் வாழும் எவரும் அதற்குரியர்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஏழைகளுக்கு மட்டுமே இலவச வைத்தியம் என்றால், கதவண்டை ஒருவன் நின்று வருவோரின் மடிச்சீலையைச் சோதிக்கவேண்டும். சோதனைக்கு நாணிப் பலர் திரும்பிவிடுவர். ஏழைகள் மட்டும் செல்லும் ஆஸ்பத்திரியைப் பற்றிச் செல்வாக்குடையார் கவலைகொள்ளார்; நாளடைவில் அது சீர்கெடும். மந்திரியும் தோட்டியும் ஒரே வார்டிற் படுக்க நேரிடின், அவ்வார்டின் கூரை ஒழுகாது. இதன் மறுபுறமும் உண்டு. செல்வனுக்கும் இலவசமாய்க் கொடுக்குமிடத்து, மிக வறியவனுக்கு இன்னும் சற்று அதிகமாய்க் கொடுத்தற்குரிய பொருள் குறையுமன்றோ என்பர். இவ்வாதம் இன்றளவும் எல்லா நாடுகளிலும் ஓய்ந்தபாடில்லை.

நோயும் தேர்தலும்

சட்டம் பார்லிமெண்டில் இருந்த 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் ஸாவேஜின் குடலிற் புற்றுநோய் கண்டது. உடனே ரண சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமென்று வைத்தியர்கள் கூறினர். தேர்தல் அணித்தே இருந்தது. தாம் படுக்கையில் வீழ்ந்தால் கட்சி தளரும். கட்சி தோற்றால் நடைமுறைக்கு வராத சட்டம் ஏட்டளவிலே நின்றுவிடும். ஆகவே அவர் சிகிச்சையைத் தள்ளிவைத்தார். நோயை மக்களறியாமல் மறைத்துக்கொண்டு ஊர்தோறுஞ் சென்று பேசினார். அக்டோபர் மாதம் 15ஆம் நாள் நடந்த தேர்தலில் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 55 பேருக்கதிகமானோர், தொழிற்கட்சிக்கு வாக்களித்தனர். 1939ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரண சிகிச்சையோ அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேதான் நடந்தது. அதற்குள் நோய் முற்றிவிட்டது. எல்லார்க்கும் காலத்தில் வைத்தியம் கிடைக்கவேண்டுமென்று உழைத்தவர், தமக்குரிய வைத்தியத்தைக் காலந் தாழ்த்திக்கொண்டார். அது தகுமா தகாதா என்பதை அவரவர் மனமே தீர்க்கட்டும்.

வைத்தியர்களின் எதிர்ப்பு அவர்க்குப் பெருந்தடையாயிற்று. ஏழைகளுக்கு முழு உதவியும், நடுத்தரத்தார்க்குச் சிறிது உதவியும் போதும். வருவாயுடையார் தம் செலவைத் தாமே ஏற்கட்டும் என்பது வைத்தியர் சங்கத்தாரின் கொள்கை. அரசாங்கத்திற் கூலி பெற்றால் நோயாளிக்கும் தமக்குமுள்ள நேர்த் தொடர்பு கெடும் என்றும் அஞ்சினர். ஆதலின் உதவிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தன. மனநோய் ஆஸ்பத்திரிச் சிகிச்சையும், பிரசவ உதவியும், பொது ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் 1939ஆம் ஆண்டிலும், மருந்து 1941ஆம் ஆண்டிலும் இலவசமாயின. வெளியே வைத்தியரைக் காணும் செலவை மட்டும் முற்றிலும் நீக்க முடியவில்லை. 1941ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல், ஒருமுறை கண்டதற்கு ஏழரை ஷில்லிங் அரசாங்கம் கொடுப்பதென்றும், அதற்குமேல் வைத்தியர் நோயாளியிடம் சிறிது பெறலாமென்றும் ஏற்பட்டது. ஸாவேஜ் கண்ட கனவில் அப்பகுதி குறையாகவே நின்றது.

இறுதி

1939ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் உலகப் பெரும்போர் மூண்டபோது, அவர் நோய்ப் படுக்கையிலிருந்தே ரேடியோ வாயிலாக மக்களுக்குப் பேசினார். அந்நாட்களில் அவர் கட்சியிலேயே உட்பகை வளர்ந்தது. முதல் மகாயுத்தத்திற் கையொன்றை இழந்தவரும், வீடு கட்டும் திட்டத்தை முன்னின்று நடத்தியவருமான ஜான் லீ என்பவர், நோயால் தலைவரின் மனமும் தளர்ந்ததெனப் பொருள்பட எழுதினார். 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் கட்சி லீயை வெளியேற்றியது. இரண்டு நாள் கழித்து, 27ஆம் நாள், ஸாவேஜ் உயிர் நீத்தார். இளமையில் துறந்திருந்த கத்தோலிக்க சமயத்திற்குத் தம் இறுதிக் காலத்திலே திரும்பியிருந்தார். அவருடலை ரயில் வண்டியில் வெல்லிங்டனிலிருந்து ஆக்லந்துக்குக் கொண்டுசென்றபோது, வழியெங்கும் நிலையந்தோறும் மக்கள் திரண்டு நின்று கண்ணீர் சொரிந்தனர். கடலை நோக்கிய பாஸ்டியன் முனை என்னும் மேட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவர் புன்னகை பூத்த படம் நெடுங்காலம் எளியோர் வீட்டுச் சுவர்களில் மாட்டப்பட்டிருந்தது.

அவர் பணியின் நிறையும் குறையும்

பிரிட்டனில் அனூரின் பீவன் நாட்டிய தேசிய வைத்தியப் பணி 1948ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. அதற்கு ஏறக்குறையப் பத்தாண்டுகட்கு முன்னரே சிறு தீவு நாடொன்று அவ்வழியில் அடியெடுத்து வைத்தமை பெருமைக்குரியது. ஆயினும் குறைகளை மறைத்தல் வாழ்க்கை வரலாறெழுதுவார்க்கு அழகன்று. சட்டத்தில் மாவோரியர்க்குச் சம உரிமையிருந்தும், அதிகாரிகள் சில ஆண்டுகள் வரை அவர்க்குக் குறைந்த தொகையே கொடுத்துவந்தனர். அங்கவீனர்க்குப் பணவுதவி கிடைத்ததேயன்றி, பிறரோடு கலந்து வாழ்தற்குரிய வழிகள் திறக்கப்படவில்லை. பலர் விடுதிகளிலேயே வாழ்நாளைக் கழித்தனர். 1972ஆம் ஆண்டு இயற்றி 1974ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விபத்து ஈட்டுச் சட்டம், விபத்தால் ஊனமுற்றார்க்கு மிகுதியும் உதவியது. பிறவியாலும் நோயாலும் ஊனமுற்றார் அவ்வளவு பெறவில்லை. ஊனம் ஒன்றே, அது வந்த வழி வேறாதலின் உதவியும் வேறாயிற்று. இவ்வேற்றுமை இன்னும் அந்நாட்டினரின் விவாதத்திற்குரிய பொருளாகவே இருக்கின்றது.

இன்றும் அந்நாட்டில் பொதுப் பணத்தால் நடக்கும் சுகாதார உதவிக்கும் ஊனமுற்றோர் உதவிக்கும் உரியார் யாவர் என்பதை அரசாங்கம் வரையறுத்துள்ளது. குடிகளும், நிலையாய் வாழும் உரிமை பெற்றாரும், இரண்டாண்டோ அதற்கு மேற்பட்டோ வேலை செய்ய அனுமதி பெற்றாரும், அகதிகளும் அவ்வுரிமையுடையார். பிறர் உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தால் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. ஆயின் அதன் செலவு அவரிடம் கேட்கப்படலாம். நாட்டில் விபத்துற்ற பயணிக்கும் விபத்து ஈட்டுச் சட்டத்தின் உதவி உண்டு. இனத்தின் பெயராற் கோடு கிழித்த 1898ஆம் ஆண்டுச் சட்டத்தினின்று அந்நாடு எவ்வளவு தொலைவு நடந்துள்ளதென்பது இதனால் விளங்கும். கோடு முற்றும் மறைந்துவிடவில்லை, இடம் பெயர்ந்துள்ளது.

அன்பார்ந்த மாணவர்களே! நம்முட் சிலர் வைத்தியராவோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் குருவானவராவோம், சிலர் அரசாங்க அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னமர்ந்து விண்ணப்பங்களைப் பார்வையிடுவோம். உதவி நாடி வருபவன் தகுதியுடையானா என்று தீர்மானிக்கும் நிலை நம்மிற் பலர்க்கு என்றேனும் வரும். அப்போது விதிப் புத்தகத்தைப் புரட்டுமுன், மாஜிஸ்திரேட்டு முன்னின்று தன் ஏழ்மையை ஊரறிய உரைத்த அந்த நியூஸீலந்துக் கிழவியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக. கால்வாய் வெட்டிய கையினால் அவ்வம்பலத்தை மூட முயன்ற மைக்கேல் ஜோஸப் ஸாவேஜுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.